ஏழெட்டுப் பைகள்

பர்லியார் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி
மடி மடியாகத் துழாவினார்கள்.
முறுக்கைக் கையில் கொட்டிவிட்டு
பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
மலைக்குப் பை ஆகாதாம்.
அது போன மாசி.

இந்த ஆடியில், ஊட்டிப் பெரியாஸ்பத்திரியில்,
ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
டாக்டர் ஜோகி சொன்னார்:
"உங்களுக்குள்ள பை இருக்கும்மா."
பெருங்குடலின் இடது கோடியில்
சுவர் இளைத்த இடமாகப் பார்த்து
வெளியே உப்பி நிற்கும் சின்னச் சின்னப் பைகள்.
ஏழோ எட்டோ.
அதில் ஒன்றுதான் சீழ்கட்டப் பார்க்கிறது.

நான் வேறொரு பெயரை எதிர்பார்த்துப் போயிருந்தேன்.
நாத்தனார் புவனலோசனி அந்தப் பெயரைச் சொல்லாமலே
ஒரு வாரம் அழுதிருந்தாள்.
"அது இல்லீங்களா?"
"படத்துல இல்ல. ஆறு வாரம் போகட்டும்,
குழாய் விட்டுப் பார்த்து உறுதி பண்ணிக்கலாம்."
ஆறு வாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வலி வந்தது கேத்தி பாலாடாவில்,
கேரட் கழுவுகிற கொட்டகையில், ராத்திரி இரண்டரைக்கு.
பூட்ஸுக்குள் பனித்தண்ணீர்.
உருளை சுற்றிச் சுற்றி மண்ணைக் கக்குகிறது.
மூட்டை வாய் தைக்கும் கோணி ஊசி
என் அடிவயிற்றில் பாய்ந்துவிட்டதென்றே
தடவிப் பார்த்தேன்.
ஊசி சாமியாத்தாள் கையில் பத்திரமாக இருந்தது.

குடல் ஏறிக்கிச்சு என்று எண்ணெய் தடவி நீவினார்கள்.
சூடு என்று வெந்தயம் கொடுத்தார்கள்.
கொய்யா விதை மாட்டியிருக்கும் என்றாள் ஒருத்தி.
"விதை மேல பழி போடாதீங்க,
அது பழைய பேச்சு" என்றார் டாக்டர்.

"என்ன சாப்பிடுவீங்க?"
டீ, வர்க்கி. விடிந்தால் இன்னொரு டீ.
மத்தியானம் வெள்ளைச் சோறு, ரசம்.
"கேரட்?"
"ராத்திரிக்கு இருநூறு மூட்டை கழுவுறேன் சார்."
"நான் கேட்டது அதில்ல."
சிரித்தேன். இடது பக்கம் குத்தியது.

"தண்ணி?"
தண்ணீரில்தான் நிற்கிறேன்.
குடித்தால் போகணும்.
போகிற மேட்டில் காட்டெருமை நிற்கும்,
டார்ச்சுக்கு இரண்டு கண் மட்டும் தெரியும்.
இருபது வருஷமாக அடக்கிக்கொள்வதுதான்
கூலி எழுதாத வேலை.
"அதனாலதானா சார்?"

அவர் உடனே ஆமென்று சொல்லவில்லை.
முக்கி முக்கிப் போவது சேர்ந்திருக்கலாம்,
நாரில்லாத சாப்பாடு சேர்ந்திருக்கலாம்,
வயசு, பிறவிவாகு...
ஒன்றை மட்டும் பிடித்து உள்ளே போட முடியாது என்றார்.
எங்கள் மேஸ்திரி உத்தண்டி
ஒருநாளாவது இப்படித் தெரியாது என்று சொல்லியிருப்பானா.

நாலு நாள் கஞ்சித்தண்ணியும் மாத்திரையும்.
சீற்றம் அடங்கிய பிறகு
மெல்ல மெல்லக் கீரை, அவரை, தோலோடு பயறு, ராகிக் களி.
காய்ச்சல் திரும்பினாலோ ரத்தம் போனாலோ
விடியட்டும் என்று உட்காரக் கூடாது.
"பைகள்?"
"அது இனி போகாதும்மா. பல பேருக்கு இருக்கு,
இருக்கிறதே தெரியாம இருக்கும்.
சும்மா இருக்கிறதச் சும்மா இருக்க விடணும்."

பர்லியாரில் இதைப் பிடுங்க ஆளில்லை.

இருபத்தெட்டாம் நாள் வேலைக்குப் போனேன்.
தகரக் கதவு போட்டு ஒரு கக்கூஸ் கேட்டேன்.
பார்க்கலாம் என்றான் உத்தண்டி.
பார்க்கிறவரைக்கும் என்ன செய்ய?
வீட்டிலிருந்து கொண்டுபோன வெந்நீரை
ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன்.
இரண்டரைக்கு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு
நாலு பேராக, ஒரு டார்ச், ஒரு தகரத் தட்டு,
மேட்டுக்கு ஏறினோம்.

அது நின்றது.
சாமியாத்தாள் தட்டை ஒரு தட்டுத் தட்டினாள்.
அது காதை மட்டும் ஆட்டியது.
பனிக்குள் அதன் மூச்சு தெரிந்தது, எங்கள் மூச்சும்.
யாரும் திரும்பி இறங்கவில்லை.